மறக்காமல் பதில் சொல்கிறேன்

கே: சாவி, கண்ணாடி எல்லாவற்றையும் வைத்த இடம் மறந்துவிடுகிறேன். டிமென்ஷியாவா?
– பயந்தவர், பல்லாவரம்

ப: மறப்பதை ஞாபகமாக எழுதிப் போட்டிருக்கிறீர்களே! இதே கடிதம் உங்கள் மனைவியிடமிருந்து வந்திருந்தால் கொஞ்சம் கவலைப்பட்டிருப்பேன். விவரம் தெரிந்த நர்ஸ் வீட்டாரைத் தனியே கூப்பிட்டு விசாரிப்பது அதற்குத்தான்.

கே: நோயைக் கண்டுபிடிப்பவர் டாக்டர். இதில் நர்ஸுக்கு என்ன ஜோலி?
– சந்தேகம், சாத்தூர்

ப: சீட்டில் கையெழுத்து டாக்டருடையது, துப்பு பெரும்பாலும் நர்ஸுடையது. 1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்ற 30 மார்க் ஞாபகத் தேர்வைப் பல மறதி கிளினிக்குகளில் நடத்துவதே நர்ஸ்கள்தான். டாக்டர் எதிரே உட்காரும் பத்து நிமிடமும் அப்பா கலெக்டர் மாதிரி பேசுவார். வராந்தாவில் "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று மூன்றாம் முறை கேட்பது சிஸ்டர் காதில்தான் விழும்.

கே: பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பாட்டிக்கு அந்தத் தேர்வில் 14 மார்க். முடிந்ததா கதை?
– பேரன், பெரம்பலூர்

ப: ஃபெயிலானது தேர்வாகவும் இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கென்றே ஹரியானாவின் பல்லப்கரில் இந்தியில் தனி வினாத்தாள் தயாரித்தார்கள். கெட்டிக்கார நர்ஸ் மார்க்கோடு நிற்க மாட்டார். ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுகிறதா, சில்லறை சரியாக எண்ணுகிறாரா என்று மருமகளைக் கேட்பார். மருமகள் சொல்வதில் பத்து சதவீதம் கழித்துக்கொள்வார். அது சர்வீஸ் தந்த ஞானம்.

கே: நேற்றுவரை தெளிவாக இருந்த மாமனார், இன்று என்னையே யாரென்று கேட்கிறார்!
– மாப்பிள்ளை, மணப்பாறை

ப: ராத்திரியோடு ராத்திரியாக அடிக்க அல்சைமர் என்ன லாட்டரியா? சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை... இவற்றால் வரும் திடீர்ச் சித்தக் குழப்பமாக இருக்கலாம். பக்கவாதத்தையும் மறக்காதீர்கள். பதிலை இங்கே படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

கே: பிரிட்டனில் 'அட்மிரல் நர்ஸ்' என்கிறார்களே, கப்பலில் வேலையா?
– மாலுமி, மண்டபம்

ப: கரையில்தான். படகோட்டுவதில் பித்தரான ஜோசப் லெவிக்கு 'அட்மிரல் ஜோ' என்று செல்லப் பெயர். அவருக்கு டிமென்ஷியா வந்து அல்லாடிய குடும்பம், மற்றவர்களாவது அல்லாடாதிருக்கட்டும் என்று தொடங்கிய ஏற்பாடு இது. நோயாளியோடு சேர்த்து, அவரைப் பார்த்துக்கொள்கிறவரையும் பார்த்துக்கொள்வார்கள். நம் ஊரில் அந்தப் பதவி மூத்த மகளுக்கு. சம்பளம், லீவு இரண்டும் கிடையாது.

கே: மறதிக்குக் கொடுக்கும் டொனெபெசில் மாத்திரை டிமென்ஷியாவைக் குணப்படுத்துமா?
– அவசரம், அவிநாசி

ப: குணப்படுத்தாது. சிலருக்குக் கொஞ்ச காலம் முட்டுக் கொடுக்கும். நாடித் துடிப்பைக் குறைத்தும் விடலாம். சிஸ்டர் மணிக்கட்டைப் பிடிப்பது வெறும் பாசத்தால் அல்ல, சுவாமி!

கே: சாயங்காலமானால் அம்மா "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். இருப்பதே சொந்த வீட்டில்!
– மகள், மதுரை

ப: பட்டாவைக் காட்டி வாதாடாதீர்கள். ஜெயித்தாலும் தீர்ப்பு அவருக்கு ஞாபகமிருக்காது. பழகிய நர்ஸ் "போலாம்மா, காபி குடிச்சிட்டுக் கெளம்பலாம்" என்பார். பசியா, வலியா, பாத்ரூம் அவசரமா என்று பார்ப்பார். இருட்டும் முன்பே விளக்கைப் போடச் சொல்வார். காபி முடிவதற்குள் பயணம் பெரும்பாலும் ரத்தாகிவிடும்.

கே: அப்பாவுக்கு வீட்டோடு நர்ஸ் வைத்து, மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன். வேறென்ன பாக்கி?
– ஒரே மகன், நியூ ஜெர்சி

ப: இந்நேரம் அப்பா அந்த நர்ஸை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரும் "என்னப்பா?" என்று வந்து நிற்பார். டிக்கெட் எப்போது போடுகிறீர்கள்?