காரல் மான்மியம்

வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் உள்ள மரியாதை காரலுக்குக் கிடையாது. பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் பாதி முள், மீதியைச் சுற்றிக் கோழை. சென்னையில் காரப்பொடி என்று கூறுகட்டி விற்கிறார்கள். வாங்குகிறவர் அப்போதும் இன்னும் நாலு போடச் சொல்வார்.

சாத்திரப்படி பார்த்தால் இது சாமானியப் பிறவி அல்ல. முதலில் வாய். இரை கண்டால் குழாயாக நீளும். காரியம் முடிந்ததும் மடங்கி உள்ளே போய்விடும். (இந்தப் பின்பாதி மேடைப் பேச்சாளர்கள் பயில வேண்டியது.) எந்தப் பக்கம் நீட்டுவது என்பதில் குடும்பத்துக்குள் பிளவு உண்டு. ஒரு சாரார் மேல்நோக்கி நீட்டுவர். ஒரு சாரார் கீழ்நோக்கி நீட்டி அடிமண்ணைத் துழாவுவர். மூன்றாம் சாரார் நேரே நீட்டுவர். அவர்களுக்குக் கோரைப்பல்லும் உண்டு. வடகலை தென்கலை வழக்குப்போல் இது கோர்ட்டு ஏறவில்லை. அறிஞர்கள் தனித்தனிப் பேரினமாகப் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது விளக்கு. உணவுக்குழாயைச் சுற்றி ஒரு வளையம். அதற்குள் ஒளிரும் பாக்டீரியா. வெளிச்சம் காற்றுப்பையில் பட்டுத் திரும்பி, வயிற்றுவழியே கீழே கசியும். பகலில் அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் பெரிய மீனுக்கு, மேலே போகிற எதுவும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். காரலோ வயிற்றில் விளக்கேற்றி, மேலிருந்து வரும் வெளிச்சத்தோடு கலந்துவிடுகிறது. ஆக, இது விளக்கேற்றுவது கண்ணில் படாமலிருக்க. பிளக்ஸ் பேனர் வைத்துப் பழகியவர்கள் இந்த வாக்கியத்தை இரண்டு தடவை படிக்கலாம். ஆண்கள் மட்டும், பல இனங்களில், பெரிய விளக்கு வைத்துக்கொண்டு பெண்களை நோக்கிக் கண்சிமிட்டுகின்றன. எந்தக் குலத்திலும் விதிவிலக்கு இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

விளக்கு பிறவிச் சொத்தும் அல்ல. குஞ்சு வெறும் வயிற்றோடு பிறந்து, பாக்டீரியாவைக் கடல்நீரிலிருந்து சேர்த்துக்கொள்கிறது. பாக்டீரியாவுக்குக் குடியிருப்பும் சாப்பாடும் இலவசம். உபயதாரர் பெயர் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. கோயில் டியூப்லைட்டில் வளர்ந்த நமக்கு இது நன்றிகெட்டதனமாகவே படும்.

இக்குடும்பத்தில் ஓர் இனம், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின், செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குக் குடியேறிவிட்டது. கப்பலுக்கு வெட்டிய வழியில், சுங்கம் கட்டாமல்.

நம் பக்கம் இழுவைமடியில் சிக்கும் காரலில் நல்லது சொதிக்கும் கருவாட்டுக்கும் போகிறது. நசுங்கியது சங்காயம் என்கிற கழிவுமீனோடு கோழித்தீவனமாகிறது. முட்டை இருட்டில் எரிவதாக நாமக்கல்லிலிருந்து இதுவரை புகார் இல்லை.