ஏழு கோப்பையும் அரை வீசை வெங்காயமும்

யாங்கோனின் பபேடான் பகுதியில் வெற்றிலைக் கடை வாசலில் நிற்கும் யாரையாவது பிடித்து, ஸ்காட் மார்க்கெட்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். "பர்மாவுக்கு புட்பால் கொண்டாந்தானே ஒரு வெள்ளைக்காரன், அவன் பேருங்க" என்று பதில் வரும். தப்பு. 1926இல் கட்டிய மார்க்கெட்டுக்குப் பெயர் கொடுத்தவர் கேவின் ஸ்காட், முனிசிபல் கமிஷனர். புட்பால் ஸ்காட் வேறு ஆள். ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட். 1870களின் கடைசியில் ரங்கூன் செயின்ட் ஜான்ஸ் பள்ளியில் வாத்தியாராக இருந்தபோது பையன்கள் நடுவே பந்தை உருட்டிவிட்டுப் போனவர். இப்போது அது போஜோ அவுங் சான் மார்க்கெட். எந்த ஸ்காட்டும் பலகையில் இல்லை. ஆனாலும் எங்கள் ஆட்கள் முனிசிபாலிட்டி ஸ்காட்டைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, பந்து ஸ்காட் பேருக்கு மார்க்கெட்டையே பட்டா எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் யாரையும் திருத்துவதில்லை. வரி போட்டவனை எந்த ஊர்தான் நினைவில் வைத்திருக்கிறது?

இத்தனைக்கும் இந்த மண்ணின் சொந்த ஆட்டம் சின்லோன். பிரம்புப் பந்து. ஆறு பேர் வட்டமாக நின்று, கீழே விழாமல் காலாலும் முழங்காலாலும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரணி கிடையாது. ஜெயித்தவன் இல்லை, தோற்றவனும் இல்லை. ஆசை இல்லாத இடத்தில் துன்பமும் இல்லை என்று காலாலேயே சொல்லிக் காட்டும் ஆட்டம். அதே மனிதர்கள் புட்பால் பார்க்க உட்கார்ந்தால் வேறு பிறவி எடுத்துவிடுகிறார்கள். 2013 டிசம்பரில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி எங்கள் நாட்டில்தான் நடந்தது. தூவுன்னா ஸ்டேடியத்தில் நம் பையன்கள் இந்தோனேசியாவிடம் 0-1 என்று தோற்று வெளியே வந்த ராத்திரி, நாற்காலிகள் பிடுங்கப்பட்டன, விளம்பரத் தட்டிகள் எரிந்தன. மறுநாள் விடிகாலையில் பிக்குகள் வரிசையாக வந்தபோது, குனிந்த தலை நிமிராமல் சோறு போட்டவர்களில் எத்தனை பேர் கையில் கரி ஒட்டியிருந்ததோ!

எங்கள் ஆட்டத்தின் பாணியைத் தீர்மானித்தவர் எந்தப் பயிற்சியாளரும் அல்ல, ஃப்ரேசர் என்ற எஞ்சினியர். 1850களில் இந்த நகரத்தைக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டவர்களில் ஒருவர். எண் போட்ட சந்துகளுக்கு அன்று ஒதுக்கிய அகலம் 30 அடி. அதில் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது. கரண்டு போகும் நேரத்துக்கென்று ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. மொஹிங்கா நூடுல்ஸ் விற்கும் அம்மாவின் குட்டை முக்காலிகள் பரவிக் கிடக்கின்றன. மிஞ்சுவது நீளம் மட்டும். ஆகவே பபேடானில் விங்கர் பிறப்பதில்லை. ஓரமாக ஓட நினைத்தவன் நேராகச் சாக்கடையில்தான் கிராஸ் போட முடியும். யாங்கோனுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. அரசாங்கம் எங்கள் புட்பாலுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

எங்கள் தெருவின் எண்ணைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த மூன்றாவது கோல் வழக்கு மறுபடி கிளம்பும். மகா பண்டூலா ரோடும் அனோயத்தா ரோடும் குறுக்கே வெட்டிப் போவதால் எங்கள் தெருவும் கீழ் பிளாக், நடு பிளாக், மேல் பிளாக் என்று மூன்று துண்டு. நாங்கள் நடு பிளாக். மேல் பிளாக்கில் பெண் எடுத்திருக்கிறோம், கைமாற்று வாங்கியிருக்கிறோம், காளி கோயில் பொங்கலுக்கு ஒரே வரிசையில் நின்றிருக்கிறோம். இரண்டு பக்க டீமிலும் தமிழ்ப் பையன்கள், சோலியா முஸ்லிம் வீட்டுப் பையன்கள், பர்மியப் பையன்கள், சீனக் கடைப் பையன் என்று எல்லாம் கலந்துதான் இருக்கும். பந்து உருளத் தொடங்கினால் மட்டும் அனோயத்தா ரோடு தேச எல்லை.

மேல் பிளாக்கிடம் எங்கள் பையன்கள் தோற்பது மழைக்காலம் மாதிரி, வந்தே தீரும். அவர்களிடம் ஒரே நிறத்தில் ஜெர்சி இருந்தது. எங்களிடம் செல்சி, பார்சிலோனா, ஒரு சிமெண்டுக் கம்பெனி பனியன், கோலிக்கு அவன் அப்பாவின் பரோட்டாக் கடை ஏப்ரன். ஆனால் பையன்களை நிஜமாகவே படுத்தியது மேல் பிளாக் அல்ல. எங்கள் பக்கத்து நடைபாதையில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என் பெரியப்பா.

பெரியப்பாவைப் பொறுத்தவரை 1970க்குப் பிறகு உலகத்தில் புட்பால் ஆடப்படவில்லை. அதற்கு முன்னால் ஆடப்பட்டது முழுவதும் பர்மாவில். இளைஞர்களுக்கான ஆசியக் கோப்பையை 1961க்கும் 1970க்கும் இடையில் பர்மா ஏழு முறை கொண்டுவந்தது. ஆசிய விளையாட்டில் 1962இல் ஜகார்த்தாவில் தங்கம் வாங்கியது இந்தியா. அடுத்த இரண்டும், 1966இலும் 1970இலும், பாங்காக்கிலிருந்து பர்மாவுக்கு வந்தன. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனே ஒற்றை கோலில்தான் தப்பித்தது. எல்லாம் சத்தியம், ஒன்றையும் மறுக்க முடியாது. அதுதான் தொந்தரவே. பொய் சொல்லும் கிழவரை எதிர்த்துப் பேசலாம், புள்ளிவிவரத்தோடு உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது? ஏழில் சில கோப்பைகள் பங்குக் கோப்பைகள், இறுதி ஆட்டம் டிராவாகி இரண்டு நாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தவை என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை. கேட்டால் காது கேட்காது.

1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மெட்ராசுக்குக் கப்பலேறினார்களே, அப்போது நம் குடும்பம் ஏன் ஏறவில்லை என்று சின்ன வயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். தாத்தாவின் பிடிவாதம், பாட்டியின் பிரசவம் என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரியப்பா சொன்னது: "அந்த வாரம் அவுங் சான் ஸ்டேடியத்துல மேட்ச் இருந்துச்சுடா." போனவர்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடை போட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். நாங்கள் இங்கே உட்கார்ந்து, 0-3 என்று தோற்றுக்கொண்டிருந்தோம்.

2015இல் நம் பையன்கள் நியூசிலாந்தில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போனபோதாவது மனிதர் இறங்கி வருவார் என்று நினைத்தோம். முந்தின அக்டோபரில் இதே யாங்கோனில் ஐக்கிய அரபு அமீரகத்தை 1-0 என்று ஜெயித்து வாங்கிய தகுதி. அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் முதல் கோல் நம்முடையது. யான் நைங் ஊ போட்டான். டீக்கடையே எழுந்து நின்றது. பெரியப்பா எழவில்லை. "இருங்கடா" என்றார். 1-2 என்று முடிந்தது. பிறகு உக்ரைன் ஆறு, நியூசிலாந்து ஐந்து. தன் நாடு தோற்று இத்தனை நிம்மதியடைந்த தேசபக்தரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்றாவது கோல் விவகாரம் 2018 ஜூலையில். ரஷ்யாவில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் ஒரு நடுராத்திரியில், ஜப்பானிடம் 0-2 என்று கிடந்த பெல்ஜியம் எழுந்து, கடைசி நிமிஷத்தில் 3-2 என்று ஜெயித்ததை எங்கள் பையன்கள் தூங்காமல் பார்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேல் பிளாக்கோடு ஆட்டம். பந்தயம், தோற்றவர்கள் எல்லாருக்கும் டீயும் பலாட்டாவும், அதாவது இந்த ஊர் பரோட்டாவும்.

பாதி ஆட்டத்தில் 0-3. மழை கொட்டுகிறது. முதல் கோல் ஜெனரேட்டரில் பட்டு உள்ளே போனது. இரண்டாவது கோலின்போது எங்கள் டிஃபெண்டர் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம், பரோட்டாக் கடைக்காரர் இன்றும் வருத்தப்படுகிறார். எங்கள் சயா, அதாவது கோச், பகலில் டீக்கடைக் கல்லாவில் உட்காருகிறவர், பையன்களைச் சுற்றி நிற்கவைத்து, "பெல்ஜியம் என்ன பண்ணுச்சு? பெல்ஜியம் என்ன பண்ணுச்சு?" என்று கத்தினார். பின்னாலிருந்து பெரியப்பா, "பெல்ஜியம் கெடக்கட்டும், 1966ல நாம ஈரானை..." என்று ஆரம்பித்தார். பையன்கள் அன்று இடைவேளை முடியுமுன்பே மைதானத்துக்கு ஓடியதற்குக் காரணம் வீரம் அல்ல.

ரெஃபரி ஒரு பொதுமனிதர், கீழ் பிளாக். விசில் இல்லை. டீக்கடைப் பையனைக் கூப்பிட இந்த ஊரில் உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவோம், அதைத்தான் அவரும் போட்டார். ஒவ்வொரு ஃபவுலுக்கும் இரண்டு டீ வந்து சேர்ந்தது.

இரண்டாம் பாதியில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தெருவில் கணுக்கால் தண்ணீர். பாஸ் கொடுத்த பந்து பாதி வழியில் மிதந்து நின்றுவிடும். ஜெர்சிக்காரர்கள் பந்து வருமென்று காத்திருந்தார்கள். எங்கள் பையன்கள் பந்தைத் தேடிப் போனார்கள். தெய்ஞ்சி ஜே மார்க்கெட்டில் மசாலாக் கடையில் மூட்டை தூக்கும் எங்கள் ஃபார்வர்டு தண்ணீரோடு சேர்த்துப் பந்தை வாரி உள்ளே தள்ளினான், 1-3. சுவரில் அடித்துத் திரும்பி வந்ததை அவனே மறுபடி தலையால் தட்டினான், 2-3. முதல் மாடி முதல் ஐந்தாம் மாடி வரை பால்கனி நிறைந்துவிட்டது. பெரியப்பா முக்காலியை ஒரு அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

அடுத்த உதையில் பந்து மூன்றாம் மாடி பால்கனிக்குள் போனது.

ஒரே பந்து. மூன்றாம் மாடியில் இருப்பது மேல் பிளாக் கோலியின் அத்தை. வாழ்க்கைப்பட்டு வந்தது எங்கள் பிளாக்குக்கு. யாங்கோன் பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப்பும் மணியும். பேப்பர், பால், சாவி எல்லாம் அதில்தான் ஏறும் இறங்கும். கீழே இருந்து மணியை ஆட்டினோம். அத்தை எட்டிப் பார்த்தார். பந்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கிளிப் மாட்டி, பாதி வரை இறக்கி, நிறுத்தினார்.

"டேய், நீ இங்கதான் நிக்கிறியா?" என்றார் மருமகனைப் பார்த்து. "அரை வீசை வெங்காயம் வாங்கிட்டு வா. அடுப்புல குழம்பு கொதிக்குது."

"அத்தே, மேட்ச் நடக்குது அத்தே..."

"அப்ப பந்து இங்கயே இருக்கட்டும்."

இரண்டு டீமும் சேர்ந்து அவனைக் கெஞ்சியது. மேல் பிளாக் கேப்டனே, "ஓடிப் போய்ட்டு வாடா" என்று முதுகில் தட்டி அனுப்பினான் என்பது எங்கள் தரப்பு வாதத்தில் முக்கியமான சாட்சியம். அவன் மூலைக் கடைப் பக்கம் திரும்பியதும் கயிறு இறங்கியது. பை தரையைத் தொட்டது. மசாலாக் கடைப் பையன் பந்தை எடுத்தான், ரெஃபரியைப் பார்த்தான். ரெஃபரி உதட்டைக் குவித்து சத்தம் போட்டார். அது ஆட்டம் தொடரட்டும் என்பதற்கா, அல்லது நிஜமாகவே டீ கேட்டாரா என்பதுதான் வழக்கு. பையன் உதைத்தான். ஆளில்லாத கோலுக்குள் பந்து மெதுவாக மிதந்து போய்ச் சேர்ந்தது.

அதற்கு மேல் ஆட்டம் நடக்கவில்லை. வெங்காயத்தோடு திரும்பி வந்த கோலி, தான் இல்லாதபோது வாங்கிய கோலைக் கேள்விப்பட்டு ஒரு வெங்காயத்தை ரெஃபரி மேல் எறிந்தான். எடை குறைந்ததென்று மேலிருந்து அத்தை தனியாகக் கத்தினார்.

ஒரு வாரம் தெரு முழுக்க இதே பேச்சு. 3-3 என்று நடு பிளாக், 3-2 என்று மேல் பிளாக். பலாட்டாவுக்கு யாரும் காசு எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, இந்தோனேசியாவில் சிடோவார்ஜோ என்ற ஊரில் தென்கிழக்கு ஆசியப் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டம், மியன்மாரும் மலேசியாவும். இரண்டு பிளாக்கும் பகையை மறந்து டீக்கடையில் ஒரே போனைச் சுற்றித் தலையை நீட்டிக்கொண்டு பார்த்தது. 3-4 என்று தோற்றோம். "மூணு கோல் போட்டுட்டுத் தோக்கறதுக்குத் தனித் திறமை வேணும்" என்றார் பெரியப்பா, வழக்கமான நிம்மதியோடு.

இந்தச் சோகத்தில் யாரோ பலாட்டாக் கணக்கை எடுத்தார்கள். குரல் உயர்ந்தது. கடைசியில் வயதில் மூத்தவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று இரண்டு கேப்டனும் பெரியப்பா முன்னால் வந்து நின்றார்கள். அவர் டீயைச் சாசரில் ஊற்றி, ஊதி, குடித்து முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.

"பங்கு போட்டுக்குங்கடா" என்றார். "61ல நாங்க இந்தோனேசியாகூடப் பங்கு போட்டுக்கலையா? 63ல கொரியாகூட? கோப்பை என்ன குறைஞ்சா போச்சு?"

எனக்குக் கை நடுங்கி டீ சிந்தியது. பங்குக் கோப்பை என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஒரு வெங்காயக் கோலுக்காக மனிதர் இரண்டு கோப்பையில் பாதியை விட்டுக் கொடுத்துவிட்டார்.

"அது சரி தாத்தா" என்றான் மேல் பிளாக் கேப்டன். "டிரான்னு வச்சுக்குவோம். அப்ப பலாட்டா காசை யாரு குடுப்பா?"

பெரியப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை நேரம் ஞாபகம் வந்து, எழுந்து போய்விட்டார்.