மூன்று கணிப்புகளும் ஒரு பட்டமும்

பொருளியல் படிக்கப் போகும் பிள்ளையைப் பற்றி உறவினர் வட்டாரத்தில் மூன்று கணிப்புகள் உலவும். காசு விஷயத்தில் கெட்டிக்காரனாகிவிடுவான். கூடவே கொஞ்சம் சுயநலக்காரனாகவும் ஆகிவிடுவான். ஆனால் வேலை மட்டும் கிடைக்காது, கடைசியில் வங்கித் தேர்வு எழுதித்தான் கரையேற வேண்டும். மூன்றும் தவறு என்பது என் கட்சி. இதற்கு ஆதாரம் தேடி எதிரி முகாமுக்குப் போக வேண்டியதில்லை. தன் மாணவர்களையும் பேராசிரியர்களையும் சோதனை எலிகளாக்கி, வந்த முடிவைக் கூச்சமில்லாமல் தன் ஆய்விதழ்களிலேயே அச்சிடுகிற துறை அது. வேறெந்தத் துறைக்கு அந்தத் துணிச்சல் இருக்கிறது என்று தெரியவில்லை.

சுயநலத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1981-இல் விஸ்கான்சினைச் சேர்ந்த மார்வெல், ஏம்ஸ் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கலந்துகொள்பவர்களுக்குக் கொஞ்சம் டோக்கன் கொடுக்கப்படும். சொந்தக் கணக்கில் போட்டால் போட்டவருக்கு மட்டும் நிச்சய வருமானம். எல்லாரும் பொதுக் கணக்கில் போட்டால் எல்லாருக்கும் அதைவிட அதிகம். ஆனால் பொதுக் கணக்கின் லாபத்தில் ஒரு காசுகூடப் போடாதவருக்கும் பங்கு உண்டு. மற்றவர்கள் ஏறக்குறைய பாதியைப் பொதுவில் போட்டார்கள். பொருளியல் முதுநிலை மாணவர்கள் போட்டது சுமார் 20 சதவீதம். எவ்வளவு போட்டால் நியாயம் என்று கேட்டதற்கு, அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பதில் சொல்ல மறுத்தார்கள், அல்லது எந்தக் கட்டத்திலும் அடைக்க முடியாத நீண்ட பதிலைச் சொன்னார்கள். நியாயம் அந்தப் பருவத்துப் பாடத்திட்டத்தில் இல்லை போலும். உறவினர் சொன்னது சரியாயிற்றே என்று அவசரப்பட வேண்டாம். 1996-இல் யீசர், கோல்ட்ஃபார்ப், பாப்பன் என்ற மூவர் வேறு வழியில் போனார்கள். முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, ஒட்டாத உறைக்குள் 10 டாலர் ரொக்கத்தோடு ‘கடனைத் திருப்பித் தருகிறேன்’ என்று ஒரு குறிப்பையும் வைத்து, வகுப்பறைகளில் தவறிவிழுந்ததுபோல் போட்டுவிட்டு வந்தார்கள். பொருளியல் வகுப்புகளில் விழுந்தவற்றில் 56 சதவீதம் பணத்தோடு தபாலில் போய்ச் சேர்ந்தன. மற்ற வகுப்புகளில் விழுந்தவற்றில் 31 சதவீதம்தான்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் 32 உறை என்பது சின்ன எண்ணிக்கை என்பீர்கள், உண்மைதான். ஆய்வு செய்தவர்களிலும் பொருளியல்காரர்கள் இருந்தார்களே, தராசு யார் கையில் என்று கேட்டால் அதுவும் நியாயம். ஆனால் தபால்பெட்டிக்குத் துறைப்பற்று கிடையாது. இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: டோக்கனைக் கையில் வாங்கியதுமே, இது பொதுப் பண்டங்கள் பாடத்தில் வந்த கணக்காயிற்றே என்று அந்த மாணவர்களுக்குத் தெரிந்துவிட்டது; புத்தகம் சொல்லும் விடையைப் பொறுப்பாக எழுதிவிட்டார்கள். தரையில் கிடந்த உறையின் மேல் ‘ஏதேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி’ என்று எழுதியிருக்கவில்லை. எனவே சாதாரண மனிதர்களாக நடந்துகொண்டார்கள்.

அடுத்தது, காசு விஷயத்தில் கெட்டிக்காரத்தனம். பொருளியலில் முதல் மாதமே சொல்லித்தரும் விஷயம் வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுகிற அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு அது. ஃபெராரோ, டெய்லர் என்ற இரு பொருளியலாளர்கள் 2005-இல் இதைக் கேள்வியாக்கினார்கள். எரிக் கிளாப்டன் கச்சேரிக்கு உங்களுக்கு இலவச டிக்கெட் கிடைத்திருக்கிறது. அதை விற்க முடியாது. அதே இரவு பாப் டிலன் கச்சேரியும் இருக்கிறது, டிக்கெட் 40 டாலர். டிலனைக் கேட்க 50 டாலர் வரை தரலாம் என்பது உங்கள் மனக்கணக்கு. கிளாப்டனுக்குப் போனால் வாய்ப்புச் செலவு எவ்வளவு? பூஜ்யமா, 10-ஆ, 40-ஆ, 50-ஆ? டிலனிடம் 50 டாலர் சுகம், அதற்குச் செலவு 40. ஆக நீங்கள் இழப்பது 10. பொருளியலாளர்களின் வருடாந்திர மாநாட்டில் 199 பேரிடம் இதைக் கேட்டதில் சரியாகச் சொன்னவர்கள் 21.6 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டிருந்தால்கூட 25 சதவீதம் வந்திருக்கும். நான்கு விடைகளிலும் மிகக் குறைவானவர்கள் தேர்ந்தெடுத்தது சரியான விடையைத்தான். மாணவர்கள் பக்கம் நிலைமை இன்னும் சுவாரசியம். பொருளியல் வகுப்புப் பக்கமே தலைவைக்காதவர்களில் 17.2 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். அறிமுக வகுப்பை முடித்தவர்களில் 7.4 சதவீதம்.

கேள்வியே குழப்பமானது என்று மறுப்பு வந்தது. 2012-இல் பாட்டர், சாண்டர்ஸ் இருவரும், வாய்ப்புச் செலவை எப்படி வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து நான்கு விடைகளுக்குமே நியாயம் சொல்லலாம் என்று எழுதினார்கள். எனக்கு இந்த மறுப்பு மிகவும் பிடித்திருக்கிறது. முதல் மாதப் பாடத்துக்கு நான்கு விடையும் சரி என்றால், அந்தப் பாடத்தை வைத்து வீட்டுக் கடன் எடுப்பதா, வாடகையில் இருப்பதா என்று முடிவு செய்யப் புறப்படுகிறவரை நாம் எச்சரிக்கத்தான் வேண்டும். இதே சலுகையை எந்தப் பல்கலைக்கழகமும் தேர்வுத்தாளில் மாணவருக்குத் தந்ததாகத் தெரியவில்லை.

அறிவும் கூடவில்லை, குணமும் கெடவில்லை என்றால் எதற்குத்தான் படிப்பது? சம்பளத்துக்கு. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் அறிமுக வகுப்புகள் இரண்டில் 2.8 தரப்புள்ளிச் சராசரி எடுக்காதவர்களுக்குப் பொருளியல் பட்டப்படிப்பின் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டது. அவர்களில் பலர் வேறு சமூக அறிவியல் துறைகளுக்குப் போனார்கள். பிளீமர், மேத்தா இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தக் கோட்டை நூலிழையில் தாண்டிப் பொருளியலில் சேர்ந்தவர்கள், வேறு துறைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட வேலையின் தொடக்க ஆண்டுகளில் வருடத்துக்கு 22,000 டாலர் அதிகம் சம்பாதித்தார்கள். நூலிழையில் தாண்டியவருக்கும் தவறவிட்டவருக்கும் திறமையில் சொல்லும்படி வித்தியாசமில்லை என்பதுதான் இதில் விசேஷம். கலிபோர்னியாக் கணக்கு காரைக்குடிக்குப் பொருந்துமா என்றால், அப்படியே பொருந்தாது. ஆனாலும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வைப் பொருளியலில் முதுகலை படிக்காமல் எழுத முடியாது. வங்கித் தேர்வை எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம்.

அப்படியானால் கம்பெனிகள் அறிவுக்குத்தானே காசு கொடுக்கின்றன என்று மடக்கலாம். அந்தச் சம்பள வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்கு, அவர்கள் எந்தத் தொழிலில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதே காரணம் என்கிறது அதே ஆய்வு. மேலும், பட்டம் என்பது முதலாளிக்குக் காட்டும் அடையாளமாக மட்டுமே இருக்கலாம், படித்தது தலையில் ஏறியிருக்க வேண்டிய அவசியமில்லை என்று 1973-இலேயே மைக்கேல் ஸ்பென்ஸ் காட்டிவிட்டார். அதற்கு 2001-இல் நோபல் பரிசும் கிடைத்தது. பரிதாபமெல்லாம் 2.7 எடுத்தவர் மேல்தான். அறிமுக வகுப்புகள் இரண்டையும் முடித்த பிறகுதான் அவரை வெளியே அனுப்பினார்கள். 22,000 டாலர் போயிற்று. போதாக்குறைக்கு, பாப் டிலன் கேள்வியில் 17 சதவீதக் கூட்டத்திலிருந்து 7 சதவீதக் கூட்டத்துக்கும் வந்துசேர்ந்துவிட்டார்.