மாமியா கண்ணு டாக்டர் கண்ணு

ஏண்டா பேராண்டி, மந்திரிக்கிறவன் வீட்டுக்கா வண்டிய எடுக்கிற? எடு, எடு. ராத்திரியிலேருந்து புள்ளைக்கு வயித்தால போவுது, கண்ணு குழி விழுந்துபோச்சு, உச்சிக்குழி உள்ள போயிடுச்சு, எவளோ தீட்டோட தூக்கிட்டா, தோஷம்னு உன் மாமியா சொல்லிட்டாங்க. அந்தம்மாவுக்கு டாக்டரு கண்ணுடா! பார்த்ததெல்லாம் சரி. பழியத்தான் பாவம் எவ தலையிலயோ போட்டுட்டாங்க. புள்ள ஒடம்புல தண்ணி வத்திப்போச்சு, அவ்ளோதான்.

இப்படி வா. வயித்துத் தோல ரெண்டு வெரலால கிள்ளித் தூக்கி வுடு. அடேய், புள்ளையோடத! என் தோலு நேத்து கிள்ளினதே இன்னும் எறங்கல. சட்டுனு படிஞ்சா நல்லது. மெதுவா எறங்கினா தண்ணி கொறச்சல். 2 செகண்டு தாண்டியும் மடிப்பு நின்னா, திண்டிவனமோ முண்டியம்பாக்கமோ, பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. வண்டி இல்லன்னா 108.

சிணுங்கிக்கினே கெடந்து, டம்ளரக் காட்டினா பாஞ்சு புடுங்குதா? தாகம். இன்னும் கையில இருக்குது காரியம். அழுகைய நிறுத்திட்டு, குடிக்கவும் மாட்டாம துவண்டு கெடந்தா? நீ "அப்பாடா, தூங்கிட்டான்"னு போன எடுத்துக்கினு உக்காந்துடுவ. அதுதாண்டா ஆபத்து. மூத்திரம் எப்பப் போனான்னு கேட்டா மேலயும் கீழயும் முழிக்கிற. கிரிக்கெட்டு ஸ்கோரு மட்டும் பந்துக்குப் பந்து சொல்லுவ.

தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு வாயக் கட்டாதீங்க. 1971-ல வங்கதேசச் சண்டை. அகதிங்க தங்கின பங்கான் முகாம்ல காலரா. நரம்புல ஏத்துற பாட்டிலு தீந்துபோச்சு. திலீப் மகாலனபிஸ்னு ஒரு டாக்டரு உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூணையும் தண்ணியில கலக்கி, டிரம்முல வெச்சு, சொந்தக்காரங்க கையாலயே குடுக்கச் சொன்னாரு. 100-க்கு 30 பேரு செத்த எடத்துல மூணு நாலுன்னு எறங்கிச்சு. டாக்டருக்குப் படிக்காத சொந்தக்காரங்கதான் ஊட்டினாங்க, நீ பி.இ. படிச்சவன், முயற்சி பண்ணிப் பாரு.

கூட்டுரோட்டு மெடிக்கல்ல ஓ.ஆர்.எஸ். பவுடரு வாங்கு. பழப்படம் போட்ட இனிப்பு டப்பாவத் தொடாத. சக்கர ஏறினா இன்னும் பிச்சுக்கும். ஓ.ஆர்.எஸ்.ங்கிற பேர ஜூஸு டப்பாவுல போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்லதான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கண்ணத் தொறந்துச்சு. பெரிய பொட்டலத்த முழுசா ஒரு லிட்டரு காச்சி ஆறவெச்ச தண்ணியில கலக்கு. கிள்ளிக் கிள்ளிப் போட அது ஊறுகா இல்ல. மறுநாள் மிச்சத்தக் கொட்டிடு. ரெண்டு வயசு ஆவாதவனுக்கு ஒவ்வொரு தடவ போனப்புறமும் 50-லேருந்து 100 மில்லி, ஸ்பூனு ஸ்பூனா. வாந்தி எடுத்தா 10 நிமிசம் பொறுத்து மறுபடி. தாய்ப்பால நிறுத்தாத. ஆஸ்பத்திரியில துத்தநாக மாத்திரை தருவாங்க, வயித்தால போறது நின்னாலும் 14 நாளு குடு.

மந்திரிச்சே ஆவணும்னு மாமியா அடம்புடிச்சா, அவங்கள மட்டும் கொண்டுபோய் வுட்டுட்டு வா. புள்ள இங்கயே இருக்கட்டும். அந்த ஸ்பூன இப்படிக் குடு.