ஓரியின் மலையில் ஓர் அம்பு

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்தான் என்கிறது புறநானூறு. அதே மலையில் இன்று தொளதொளத்த வாட்ச் செயினைச் சுருக்க உட்காருபவருக்கும் அம்புதான் சிக்கல்.

பல செயின்களில் கண்ணியின் உட்பக்கம் பொடி அம்புக்குறி இருக்கும். அது காட்டும் திசையில் பின்னைத் தட்டி வெளியே எடுத்து, எதிர்த்திசையில் திரும்பச் செருக வேண்டும். நம்மவர் குறியைப் பார்த்தால்தானே? மனைவியின் கொண்டை ஊசியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. ஊசி வளைந்தது. இரண்டாவது போட்டில் பின் தெறித்து, முற்றத்தில் காயும் மிளகுக்குள் மறைந்தது.

இரு பக்கமும் சமமாகக் கழற்றாததால் கொக்கி வேறு மணிக்கட்டின் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது.

பிறகென்ன, 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் கடைக்குப் பயணம். "எதை வச்சுண்ணே தட்டினீங்க?" என்றார் கடைக்காரர்.

"கொண்டை ஊசி."

"வர்ற வழியைக் கேக்கலண்ணே."