குறிகட்டுவானுக்கு வராத பீற்றில்ஸ்

லிவர்பூல் ஒரு துறைமுகம். எங்கடை ஊர்காவற்றுறையும் ஒரு துறைமுகம். அங்கே நாலு பொடியள் கிற்றாரைத் தூக்கினார்கள், இங்கே பொடியள் வலையைத் தூக்கினார்கள். மற்றபடி வெளிநாட்டு விஷயங்களில் நாங்கள் கொஞ்சம் மூத்தவர்கள்தான். அந்த லிவர்பூல் பொடியளான பீற்றில்ஸின் முதல் இசைத்தட்டு வந்தது 1962 ஒக்ரோபரில். அதற்கு முந்நூறு வருடம் முன்பே போர்த்துக்கீசர் எங்கள் துறையில் நின்று யானை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாஷையில் 'காயிஸ்' என்றால் இறங்குதுறை. அதுதான் பிறகு ஊர்காவற்றுறையின் மற்றப் பெயரான 'கைற்ஸ்' ஆனது.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். ஊர் ஞாபகம் பிடித்து ஆட்டியதோ என்னவோ, நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு ரொற்றர்டாம் என்று பெயர் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். நெடுந்தீவில் ஒட்டியது மட்டும் நின்றது. மற்றதெல்லாம் மாரி மழையில் கரைந்துபோயிற்று.

போர்த்துக்கீசர் இலங்கையிடம் செய்த வியாபாரம் இதுதான்: யானையைக் கொண்டுபோனார்கள், ஆடு தந்தார்கள். 'பைலார்' என்றால் அவர்கள் மொழியில் ஆடு. மேய்கிற ஆடு இல்லை, கூத்தாடுகிற ஆடு. அந்த ஆட்டம் ஆபிரிக்கத் தாளத்தோடு கலந்து பைலாவாகிக் கரையோரமெல்லாம் பரவியது. ஆகவே கிற்றாரைக் கண்டதும் தமிழ்ப் பொடியள் லிவர்பூலைப் பார்த்துக் கொப்பியடித்தார்கள் என்று சொல்கிறவர்களுக்கு வரலாறு கொஞ்சம் குறைவு.

1960களின் பிற்பகுதியில் விவசாயம் படித்த நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு கிளம்பினார். பீற்றில்ஸ் 1963இல் ஒரு பெண்ணிடம் கையைப் பிடிக்க வேண்டும் என்று பாடி உலகத்தையே மயங்க வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் அப்படிக் கேட்டிருந்தால் பிடிபடுவது கை இல்லை, காது. நித்தி விஷயம் தெரிந்தவர். பெட்டையிடம் ஒரு சொல் கேட்காமல் 'சின்ன மாமியே' என்று நேரே மாமியிடம் போய், மகள் எங்கே என்று விசாரித்தார். முறை தவறாத பொப் இசை உலகத்தில் எங்கடை மட்டும்தான்.

பீற்றில்ஸ் 1966இல் மஞ்சள் நிற நீர்மூழ்கியைப் பற்றிப் பாடினார்கள். தீவாருக்கு அது விளங்காது. இங்கே வள்ளம் தண்ணிக்குக் கீழே போனால் ஒப்பாரிதான் பாடுவது. எங்கடை பாடகர் ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாட்டில் மீனைக் கொண்டுவந்து கொடுத்தார். அது விளங்கும். காதலுக்கும் உதவும், குழம்புக்கும் உதவும். அதே மனோகரன் 1978இல் 'வாடைக்காற்று' படத்திலும் நடித்தார். செங்கை ஆழியான் எழுதிய அந்த நாவல் நெடுந்தீவுக் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்ய வந்தவர்களின் கதை. பொப் இசைச் சக்கரவர்த்தி கடைசியில் மீன்பிடிக் கதைக்கே வந்து சேர்ந்தார்.

பீற்றில்ஸ் செய்த பெரிய பிழை 1968 பெப்ரவரியில். ஞானம் தேடி ரிஷிகேசம் போனார்கள். வயிற்றுக்குப் பயந்த அவர்களின் ட்ரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்ரார் ஒரு பெட்டி நிறைய ரின் அவரை கொண்டுபோயும் பத்து நாளில் ஊர் திரும்பிவிட்டார். இன்னும் கொஞ்சம் தெற்கே வந்து, குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்கு வந்திருக்கலாம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்லிவருகிற இடம். நாகபூசணி அம்மன் கோவிலில் அன்னதானச் சோற்றை வாழையிலையில் குழைத்துச் சாப்பிட்டிருந்தால் ரிங்கோ கொடியிறக்கம் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார். போதாக்குறைக்கு எங்கடை தவில்காரர் அவருக்கு நாலு நடை சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

வரவில்லை. ரிஷிகேசத்தில் எழுதிய பாட்டுகளில் பலவற்றை அந்த வருடமே வெள்ளை அட்டை போட்ட இரட்டை இசைத்தட்டாக்கினார்கள். இரண்டே வருடத்தில், 1970இல், நாலு பேரும் நாலு பக்கமாய்ப் பிரிந்தார்கள்.

இங்கே யாரும் பிரியவில்லை, சேர்ந்திருந்தால்தானே பிரிவதற்கு. ஆனாலும் கனடாவிலும் லண்டனிலும் எங்கடை ஆட்களின் கலியாண வீட்டில் இரவு பத்து மணிக்குமேல் யாராவது ஒருவர் 'சின்ன மாமியே'யைத் தொடங்குவார். அரைநூற்றாண்டாகக் கேட்கிறோம். மாமிதான் இன்னும் பதில் சொல்லவில்லை.