2050-இன் விமானப் பயணிகளை இன்றே எண்ணுவது எப்படி?

உங்கள் வட்டாரத்து விமான நிலையங்களுக்கு இன்னும் 25 வருஷத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று கணிக்கும் வேலை கிடைத்திருக்கிறதா? வாழ்த்துகள். நாளை மழை வரும் என்று சொன்னவரை நாளைக்கே பிடித்து உலுக்குவார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

1. விடையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை ஏக்கர், எத்தனை ஓடுபாதை என்பது தெரிந்த பிறகு எக்செல்லைத் திறக்கலாம். பயணிகள் வளர்ச்சிக்குப் பொருளாதார வளர்ச்சியை 1.2-ஆல் பெருக்கியது போதவில்லையா? 1.6 போடுங்கள்.

2. 2020-ஐ மறந்துவிடுங்கள். அது விதிவிலக்கு. கொரோனாவுக்குப் பின் கூட்டம் திரும்பிய வருஷங்களை மட்டும் எடுத்தால் வளர்ச்சி பிய்த்துக்கொண்டு போகும்.

3. ஒரே ஆளை மூன்று முறை எண்ணுங்கள். தருமபுரிக்காரர் ஒருவர் துபாய் போகிறார். சேலம் கணக்கில் ஒன்று, ஓசூர் கணக்கில் ஒன்று, பெங்களூரு கணக்கில் ஒன்று. பயண நேரம், டிக்கெட் விலை, விமானங்களின் எண்ணிக்கை மூன்றையும் பார்த்து அவர் ஒரு நிலையத்துக்குத்தான் போவார், எல்லாவற்றையும் ஒரே மாடலில் போடுவோம் என்று யாராவது சொன்னால், அவரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்காதீர்கள்.

4. ஷரத்துகளை அடிக்குறிப்பில் தள்ளுங்கள். ஆண்டுக்கு 3 கோடிப் பேருக்கு ஓசூரில் விமான நிலையம் என்று 2024-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஆனால் 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் புதிய நிலையத்துக்குத் தடை போடும் ஷரத்து பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் இருக்கிறது; ஓசூர் அதற்குள்தான் வருகிறது. எழுத்தைச் சின்னதாக்குங்கள்.

5. சராசரியிலேயே பேசுங்கள். ஆண்டுக் கணக்கில் இடம் தாராளம். காலை ஆறு மணிக்குப் பாதுகாப்புச் சோதனை வரிசை வாசலைத் தாண்டினால், அது பயணிகளின் அவசரபுத்தி. மும்பையில் ஓடுபாதைகள் இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்வதால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் உதவும். நீங்கள் முனையத்தின் சதுர மீட்டரை மட்டும் சொல்லுங்கள்.

6. மிராபெல் விமான நிலையத்தின் பேச்சையே எடுக்காதீர்கள். மான்ட்ரியல் நகருக்காக ஏறத்தாழ 97,000 ஏக்கர் கையகப்படுத்தி 1975-இல் திறந்தார்கள். உள்நாட்டு விமானங்கள் பழைய டோர்வால் நிலையத்திலேயே தங்கிவிட்டன. விமானம் மாற வேண்டியவர்கள் ஊரைச் சுற்றிப் பேருந்தில் போக வேண்டியிருந்தது. அந்தத் தொல்லைக்கு டொரன்டோவே மேல் என்று ஆகிவிட்டது. 2004-இல் கடைசிப் பயணிகள் விமானமும் கிளம்பியது. ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கென்று 2013-இல் திறந்த இலங்கையின் மத்தளையிலோ, சரக்குக் கிடங்கில் நெல் மூட்டை அடுக்கினார்கள்.

7. கட்டம் கட்டமாகக் கட்ட விடாதீர்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கணிப்பையும் வந்த கூட்டத்தையும் ஒப்பிட்டு, பிறகே அடுத்த கட்டம் என்று எவராவது எழுதிவிட்டால் உங்கள் எண்ணுக்குப் பரீட்சை வந்துவிடும்.

8. உங்கள் கட்டணத்தை முன்பணமாக வாங்கிவிடுங்கள். அதை மட்டும் கணிப்பை நம்பி விடக்கூடாது.